பனிச் சாலையில் லாரி சறுக்கினால்: வடக்கே லோடு போகும் நம்மூர் ஓட்டுநர்களுக்கு

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை பக்கம் லாரி ஓட்டிப் பழகியவருக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அவரே ஆப்பிள் லோடு எடுக்கக் காஷ்மீர் போய், டிசம்பரில் பனிஹால் பக்கம் லுங்கியும் ரப்பர் செருப்புமாக வண்டி ஓட்டுகிறார் என்றால் எனக்கு வயிறு கலங்குகிறது. விபத்தில் பிழைத்தவரைக் குளிர் கொண்டுபோய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: கிளம்பும் முன்

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் ஒன்று கட்டாயம் வேண்டும். கம்பளி, கையுறை, ஷூ, டார்ச், மண்வெட்டி, பனியில் பிடி கிடைக்க டயரில் சுற்றும் சக்கரச் செயின் எல்லாம் கேபினுக்குள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வீட்டில் மாவுருண்டையும் அதிரசமும் செய்து தரச் சொல்லுங்கள். சீக்கிரம் கெடாது, குளிரில் உடம்புக்குத் தெம்பு.

படி 2: வழுக்கும் இடம்

பார்த்தால் ஈரத் தார்ச்சாலைதான், ஆனால் மேலே மெல்லிய படலமாகத் தண்ணீர் உறைந்திருக்கும். வெயில் படாத வளைவு, பாலம், சுரங்கப்பாதையின் வாய், மலையிலிருந்து தண்ணீர் கசியும் இடம், இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. விடியற்காலை ரொம்ப மோசம். டயர் சத்தம் திடீரென அடங்கி ஸ்டீயரிங் லேசானால், பனி மேல் ஏறிவிட்டீர்கள்.

படி 3: சறுக்க ஆரம்பித்தால்

எண்ணெய் சிந்திய ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தது போலத்தான், பதறினால் விழுவோம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது பின்சக்கரத்தை மட்டும் பிடிப்பதால் வண்டியின் பின்பக்கம் இன்னும் வீசும். கிளட்சை மிதித்துச் சக்கரம் தானாக உருள விடுங்கள். பின்பக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பி, நேராக ஆரம்பித்ததும் உடனே திரும்ப எடுங்கள். டயருக்குப் பிடி கிடைத்ததும் கிளட்சை மெல்ல விடுங்கள்.

இனி நிற்காது என்று தெரிந்தால் மலைப்பக்கம் ஒதுக்குங்கள். ஓரத்தில் குவிந்த பனியிலோ பாறையிலோ உரசி நிற்கட்டும், வண்டி நசுங்கினால் நசுங்கட்டும். குதிக்க நினைக்காதீர்கள், சொந்த வண்டிக்கு அடியிலேயே விழும் ஆபத்து உண்டு. பெல்ட் போட்டு கேபினுக்குள் இருப்பதே மேல், கிளீனருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படி 4: நின்றவுடன்

சாவியை அணையுங்கள். டீசல் வாசனை வந்தால் பீடி, தீப்பெட்டி பக்கமே போகக் கூடாது. வண்டி நடுச்சாலையில் நின்றிருந்தால், அடுத்து வருவதும் அதே பனியில் சறுக்கும். அதனால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்காமல் சாலையை விட்டு ஒதுங்குங்கள். பள்ளத்தின் விளிம்பில் தொங்கினால் மலைப்பக்கக் கதவு வழியாக, ஒவ்வொருவராக. பிறகு அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள்.

படி 5: உதவி வரும்வரை

இதுதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் கட்டம். வண்டி ஆபத்தில்லாமல் நின்றிருந்தால், ஊர் தேடி நடக்காமல் கேபினிலேயே இருங்கள். நனைந்த துணியை முதலில் கழற்றுங்கள். ஈரம்தான் சூட்டை உறிஞ்சும். ஆப்பிள் பெட்டி அட்டையைப் பிரித்துக் கீழே விரியுங்கள், காகிதத்தைக் கசக்கிச் சட்டைக்குள் திணியுங்கள், இருவரும் ஒட்டி உட்கார்ந்து மேலே கம்பளியைப் போர்த்துங்கள். டீசல் கசிவு இல்லை என்றால் மட்டும் மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டலாம். அதற்கு முன் இறங்கி, சைலன்சர் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கேபினுக்குள் ஸ்டவ் வேண்டவே வேண்டாம்.

குளிருக்கு ஒரு கட்டிங் போடலாம் என்பது தப்பு. சூடு ஏறியது போலத் தோன்றும், உண்மையில் உடம்பு சூட்டை இழக்கும். கூட இருப்பவருக்குப் பேச்சு குழறினாலோ, நடுக்கம் நின்று மயங்கினாலோ நிலைமை முற்றிவிட்டது. கைகாலைத் தேய்க்காமல், நெஞ்சையும் கழுத்தையும் போர்த்திச் சூடாக்குங்கள். அசைவே இல்லாவிட்டாலும் கைவிடாதீர்கள். உறைந்த உடம்பில் நாடி மிக மெதுவாகத் துடிக்கும், எளிதில் தெரியாது.

படி 6: ஆஸ்பத்திரியில்

2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எது என்று 112-இல் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.