வெள்ளி ரூபாயைத் துடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி

சௌகார்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் பஃப் மெஷின் என்ற பாலிஷ் போடும் சுழல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தவன் நான். கறுத்துப்போன குங்குமச் சிமிழையும் குத்துவிளக்கையும் புதுசாக்கிக் கொடுப்பதுதான் வேலை. பிறகு பழைய காசு சேர்க்கும் பழக்கம் வந்தபோது அந்த அனுபவம் நன்றாகக் கைகொடுத்தது. ஒரு காசை எதைக் கொண்டு தேய்த்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே பிடிபட்டுவிடும். விளக்கு பளபளத்தால் அழகு. காசு பளபளத்தால் பெரும்பாலும் நஷ்டம். அச்சில் அடிபடும்போது உலோகத்துக்கு அமைந்த மேல்தோல் ஒருமுறை போனால் போனதுதான்.

முதலில் வெளிச்சம். டியூப்லைட்டின் கீழே எல்லாக் காசும் நல்ல காசாகத்தான் தெரியும். அதைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு பல்பு உள்ள மேசை விளக்கைப் போடுங்கள். காசை விளிம்பில் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். புழக்கத்துக்கே போகாத காசில் ஒளி பட்டைபட்டையாகப் பிரிந்து, நீங்கள் திருப்பத் திருப்ப வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றி வரும். அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடியதால் உண்டான நுண்ணிய கோடுகளின் வேலை அது. பாலிஷ் போட்ட காசில் இந்த ஓட்டம் இருக்காது. முழு முகமும் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணையும். ‘டிப்’ என்று விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் அடிக்கடி முக்கியது என்றால் வெளுத்து, உயிரில்லாமல் இருக்கும்.

சரி, கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசில் இந்தச் சுழல் ஒளி எங்கே இருக்கும்? இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. அது மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் நேர்மையான காசு. சந்தேகப்பட வேண்டியது வேறு: விக்டோரியா ராணியின் தலைமுடி வழவழவென்று தேய்ந்து கிடக்கும், ஆனால் காசு நேற்று அச்சடித்ததுபோல மின்னும். தேய்மானமும் பளபளப்பும் தானாகச் சேர்ந்து வராது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தளத்தைப் பாருங்கள். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் ஆளுக்கொரு திசையில், ஆழம் மாறி மாறி இருக்கும். துடைத்த கீறல்கள் ஒரே ஆழத்தில், கும்பலாக, ஒரே பக்கம் ஓடும். எழுத்து வந்ததும் நின்று, தாண்டி மறுபக்கம் தொடரும். விரலால் வட்டமாகத் தேய்த்திருந்தால் கோடுகளும் வளையும். அப்புறம் விரலும் துணியும் எட்டாத இடங்கள்: எழுத்தின் வயிறு, மகுடத்தின் இடுக்கு. தளம் வெள்ளையாகவும் அந்த இடுக்குகள் மட்டும் கறுப்பாகவும் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நம் ஊர்க் காசுகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வெள்ளி ரூபாய்களில் பாதி பூஜை அறையிலிருந்துதான் வெளியே வருகின்றன. வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமைதோறும் விபூதியோ புளியோ சபீனாவோ போட்டுத் தேய்த்திருப்பார்கள். எழுத்தின் ஓரத்தில் வெள்ளைத் தூள், ராஜாவின் காதுமடலில் குங்குமச் சிவப்பு தெரிந்தால் காசு எங்கே இருந்தது என்று கேட்கவே வேண்டாம். பட்டறையில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளைக் கம்பி பிரஷும் உண்டு. அந்த பிரஷ் பட்ட காசில் குறுங்கோடுகள் கொத்துக் கொத்தாக விழும். அதையே மெஷினில் சுழலவிட்டால் மேல்தோல் உலோகமே நகர்ந்து, எழுத்தின் ஓரத்தில் சின்ன வரப்பாக ஒதுங்கி நிற்கும். தூரத்திலிருந்து புதுக்காசின் ஒளியை அச்சு அசலாகக் காட்டும். ஏமாற்று வேலைகளில் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

விளிம்பைப் பார்க்க மறக்காதீர்கள். காசுமாலையில் கோத்தவை, பதக்கமாக வளையம் பற்றவைத்தவை ஏராளம். வளையத்தை எடுத்துவிட்டு அரம் போட்டிருப்பார்கள். தலைக்கு மேலே, விளிம்பின் வரிகள் கொஞ்ச தூரம் மழுங்கியிருக்கும். அந்த இடம் மட்டும் மஞ்சளாகவோ ஈய நிறமாகவோ தெரியும். ஓட்டை அடைத்த காசு என்றால் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் ஒரே இடத்தில் மெல்லிய வட்டம் தெரியும், அங்கே எழுத்தின் வடிவம் சற்றுக் கோணலாக இருக்கும். வெள்ளி சுமார் 92 சதவீதம் உள்ள பழைய ரூபாயின் எடை 11.66 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயும் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதி மட்டுமே. தராசு சரியாகக் காட்டினால் காசு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். துடைப்பதால் குறையும் எடை தராசில் தெரியாத அளவு. 1939 ஆம் ஆண்டு ரூபாய் கிடைப்பது அரிது, ஆகவே வேறு ஆண்டைத் திருத்தி 1939 ஆக்கியிருக்கிறார்களா என்று அந்தக் கடைசி எண்ணை மட்டும் தனியாக லென்ஸில் பாருங்கள்.

நிறம் ஏற்றுவது எதிர்த் திசை வேலை. துடைத்துக் கெடுத்த காசை மறைக்கக் கந்தகப் புகையில் வைப்பார்கள், வேகவைத்த முட்டையோடு மூடிவைப்பவர்களும் உண்டு. காற்றில் தானாக வரும் நிறத்துக்கு ஒரு வரிசை உண்டு: இளமஞ்சள், பழுப்பு, செவ்வூதா, பிறகு நீலம். ஒன்று இன்னொன்றில் கரையும். (கூவம் ஓரத்து வீடுகளில் இந்த வேலை கொஞ்சம் வேகமாகவே நடக்கும்.) ஏற்றிய நிறம் திட்டுத் திட்டாக, மஞ்சளைத் தாண்டி நேராகக் கருநீலத்துக்குத் தாவி நிற்கும். நிறத்துக்குக் கீழே துடைத்த கோடுகள் தெரிந்தால் முடிவு சொல்லிவிடலாம்.

செம்புக் காசு தனிக்கதை. துடைத்த செம்பு, தோலுரித்த மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பாகும். ஷூ பாலிஷ் போட்டுப் பழுப்பாக்கினால் முகர்ந்தாலே தெரியும். ஆனால் 1808 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பத்து காசு, இருபது காசு நாணயங்களில் மேல்பரப்பு அரித்திருந்தால் உடனே அமிலம் என்று சொல்லிவிடாதீர்கள். மதராசுக்கு இவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூட்டைமூட்டையாக வெளியே எடுத்தார்கள். அந்த அரிப்பு கடல்நீர் செய்தது. அதை வைத்து விலை குறைக்கலாம், விற்பவரைத் திட்டக்கூடாது.

துடைத்த காசு போலிக்காசு அல்ல. பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் துடைத்த காசின் விலைக்கு. பாரிமுனைப் பக்கம் கடைக்காரரிடம், “அண்ணே, இது கழுவினதா?” என்று சாதாரணமாகக் கேட்டால் பலர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர் லென்ஸை வெளியே எடுத்ததும் விலையைக் குறைப்பார்.

வாங்கிய பிறகு நீங்களும் தேய்க்காதீர்கள். மலிவு பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்து சென்னை வெயிலில் பச்சையாகப் பிசுபிசுத்திருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவையுங்கள். அது உலோகத்தைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் அடுப்பு கூடாது. எடுத்துத் துடைக்காமல் காயவிட்டு, மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பழைய ஆல்பத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குள் மறுபடி பச்சை வரும்.