வெளியில் வீடியோ எடுக்கக் கூச்சமா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துப் பாருங்கள்

பொது இடத்தில் நான் முதன்முதலில் எடுத்த வீடியோ நாற்பது வினாடி. பாதி நேரம் என் கட்டைவிரல்தான் தெரியும். மீதியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களின் முழங்கால்கள். எடுக்க நினைத்தது, மழை விட்டபின் கூரை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை. மெசேஜ் பார்ப்பதுபோல் போனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு எடுத்தால் வேறென்ன வரும்? போதாக்குறைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, என்னையா படம் புடிக்கிறே?" என்று கேட்டுவிட்டார். "இல்லைங்க, சும்மா..." என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன். தண்ணீரைக் கைகாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்க ஆசைப்படுபவர்கள் செய்யும் பெரிய தவறே இப்படி ஒளித்து எடுப்பதுதான். போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதையோ எடுப்பவரை ஜனங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைக் கவனிப்பார்கள். இடுப்பு உயரத்தில் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் நோட்டம் விடுபவரைத்தான் சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படவும் வேண்டும்! பதற்றத்துக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் இதுபோன்ற தற்காப்பு வேலைகளைப் 'பாதுகாப்பு நடத்தை' என்பார்கள். அன்று ஒன்றும் ஆகவில்லையா, 'ஒளித்து எடுத்ததால் தப்பித்தேன்' என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். வெளிப்படையாக எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அதற்குத் தெரியவே வராது. பத்து முறை போனாலும் பயம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2000-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாடகர் பாரி மனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை, மாணவர்கள் போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் ஒன்றை, ஒருவருக்கு மாட்டிவிட்டு மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப்பேர். கேமரா, டி-ஷர்ட் மாதிரி இல்லைதான். லென்ஸ் தன் பக்கம் திரும்பினால் யாருக்கும் உறுத்தும். ஆகவே ஆரம்பத்தில் லென்ஸை ஆள் இல்லாத பக்கம் திருப்புங்கள். சுவரில் விழும் நிழல், படிக்கட்டு, உங்கள் சொந்தக் கை, நடக்கும் கால். பார்ப்பவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பழக்கம்.

முதல் நாளே கூட்டத்துக்கு நடுவில் நின்று கேமராவைப் பார்த்துப் பேச முயல்வது இன்னொரு அவசரம். நீச்சல் பழகப் போனவர் நேரே ஆழத்தில் குதிப்பதுபோல. ஆளரவமற்ற நேரத்தில் பத்து வினாடி, அதே இடத்தில் நாலு பேர் இருக்கும்போது பத்து வினாடி, பிறகு ஒரு நிமிடம் என்று ஏறிப் போங்கள். பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது வீட்டில் பதிவுசெய்து சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காமல் போனால் மிரள வேண்டாம். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டு வந்தது பதிவில் இருக்கும் குரலைத்தான்.

ஒரு இடத்துக்குப் போனால், படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது கிளம்பி வந்துவிடாதீர்கள். போனை இறக்கிவிட்டாவது அங்கேயே நில்லுங்கள். என் அனுபவத்தில் முதல் மூன்று நிமிடம்தான் கொடுமை. அதன்பின் படபடப்பு தானாக இறங்கும். இறங்கியதை உடம்பு பார்த்தால்தான் அடுத்த தடவை ஏறுவது குறையும். எடுத்ததை நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்து அழிக்கவும் வேண்டாம், பதற்றத்தில் எல்லாமே மட்டமாகத்தான் தெரியும். பெரிய முக்காலி, மைக், விளக்கு எல்லாம் வாங்கினால் தைரியம் வரும் என்பதும் கதைதான். வழியை மறித்து முக்காலி வைத்தால் முதலில் வருவது காவலாளி.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக எல்லாப் பயத்தையும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் கொஞ்சம் மனசாட்சியும் கலந்திருக்கிறது. அழுதுகொண்டிருப்பவர், அடுத்தவர் பிள்ளைகள், மருத்துவமனை வாசல், பணம் எடுக்கும் இயந்திரத்தில் எண்ணைத் தட்டும் கை ஆகியவற்றின் முன் கை தயங்கினால் கை சொல்வதைக் கேளுங்கள். சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் 1907-லிருந்தே ஒருவருடைய உருவப்படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும். காட்சியின் ஓரத்தில் தற்செயலாக வருபவர்களுக்கு விலக்கு உண்டு. எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வணிக வளாகம் பொது இடம்போலத் தெரிந்தாலும் அதற்கு உரிமையாளர் உண்டு, அவருக்கென்று விதிகளும் உண்டு.

யாராவது கேட்டால்? 'எனக்கு உரிமை இருக்கு' என்று ஆரம்பிப்பதுதான் மோசமான பதில். சட்டப்படி சரியாகவே இருந்தாலும் அங்கே ஒரு சண்டை பிறக்கும், அடுத்த ஆறு மாதம் நீங்கள் கேமராவைத் தொட மாட்டீர்கள். ஒரு பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: "அந்த வெயில் விழுறதை எடுத்தேங்க. நீங்க அதுல விழுந்திருந்தா அழிச்சிடறேன், பாருங்க." திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிடுவேன். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஒருமுறை ஒரு அம்மா, "அழிச்சிடுப்பா" என்றார். அழித்தேன். நிறைய போன்களில் அழித்த வீடியோ 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் சில நாட்கள் தங்கியிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அங்கேயும்" என்றார். அவர் கண் முன்னாலேயே அங்கும் அழித்தேன். நல்ல ஷாட்தான். கொஞ்சம் தள்ளி நின்று வேறொன்று எடுத்தேன்.