ஒளிரும் நானோ வைரத்தால் உயிருள்ள செல்லைக் குறிவைத்துப் படமெடுப்பது எப்படி?

செல்லுக்குள் சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததுமே சோதனை வெற்றி என்று நினைக்கத் தோன்றும். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். வைரத்துகளை நேராக பிபிஎஸ் உப்புக்கரைசலில் கலந்து செல்கள்மேல் விட்டேன். மறுநாள் நுண்ணோக்கியில் பளிச்சென்று சிவப்புத் திட்டுகள். பிறகுதான் புரிந்தது: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, தம் கனத்தாலேயே செல்கள்மேல் படிந்திருந்தன. குறி என்று எதையும் அவை தொடவே இல்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எது ஒளிர்கிறது?

வைரத்தின் கார்பன் அடுக்கில் ஓர் அணுவின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதற்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்த ஜோடிதான் ஒளிர்மையம். பச்சை ஒளி பட்டால் 600 முதல் 800 நானோமீட்டர் வரை சிவப்பாக ஒளிரும். சாதாரணச் சாயங்கள் லேசர் பட்டுச் சிதைந்து மங்கிவிடும். இந்த மையத்தைச் சுற்றி வைரமே காவலாக நிற்பதால் இது மங்குவதில்லை. தைப்பேயில் உள்ள அகாடமியா சினிகாவில் ஹுவான்-செங் சாங் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 8 மணி நேரம் தொடர்ந்து ஒளி பாய்ச்சியும் துகள்கள் மங்கவில்லை.

நைட்ரஜன் கலந்த செயற்கை வைரத்தூளை எலக்ட்ரான், புரோட்டான் அல்லது ஹீலியம் அயனிக் கற்றையால் தாக்கி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி இதைத் தயாரிக்கிறார்கள். நாம் அதில் இறங்க வேண்டாம். மேற்பரப்பில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதியுள்ள 100 நானோமீட்டர் துகள்கள் விலைக்குக் கிடைக்கின்றன. சிறிய துகளில் ஒளிர்மையங்கள் குறைவு, ஒளியும் மங்கல்; பழகுவதற்கு 100 போதும்.

எந்தச் செல், எந்தக் குறி?

ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா என்ற புற்றுசெல்லையும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தையும் எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபெரின் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். வேகமாகப் பெருகும் புற்றுசெல்லுக்கு இரும்பு நிறைய வேண்டும். அதனால் ஹீலாவின் மேற்பரப்பில் இதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஏராளம். அவைதான் நம் குறி. (இந்தச் செல்கள் 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து அவர் சம்மதமின்றி எடுக்கப்பட்டவை. செல் வளர்க்கும் டிஷ்ஷைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.)

படி 1: துகளைப் பிரித்து வைத்தல்

தூய நீரில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் துகளை எடுத்து, சோனிகேட்டர் தொட்டியில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) 15 நிமிடம் வையுங்கள். கார்பாக்சில் தொகுதிகளின் எதிர்மின்னூட்டம்தான் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. உப்பு சேர்ந்தால் அந்த விலக்கம் அடங்கிவிடும். ஆகவே புரதப் பூச்சு ஏறும் வரை பிபிஎஸ் பக்கம் போகவே கூடாது.

படி 2: புரதத்தைப் பிணைத்தல்

பிஎச் 6 அளவுள்ள நீர்த்த எம்இஎஸ் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) துகளோடு ஈடிசியும் சல்ஃபோ-என்எச்எஸ்ஸும் சேர்த்து 15 நிமிடம் கலக்குங்கள். கார்பாக்சில் தொகுதி புரதத்தோடு பிணைய இந்த இரண்டு வேதிப்பொருள்களும் வழிசெய்யும். ஈடிசி நீரில் சீக்கிரமே செயலிழக்கும். அப்போதைக்கு அப்போது கரைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி மேல்நீரை நீக்கி, தாமதிக்காமல் டிரான்ஸ்ஃபெரின் கரைசலில் மீண்டும் கலந்து 2 மணி நேரம் மெல்லச் சுழலவிடுங்கள். கடைசியில் பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதம் சேருங்கள். மீந்த இடங்களை அது நிரப்பி, துகள் கட்டியாகாமல் காக்கும். மூன்று தடவை கழுவுங்கள்.

இன்னொரு குழாயில் டிரான்ஸ்ஃபெரின் இல்லாமல் பிஎஸ்ஏ மட்டும் பிணைத்த துகளையும் இதே முறையில் தயாரித்து வையுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

படி 3: அளவு பார்த்தல்

ஒளிச்சிதறல் கருவியில் அளவு பாருங்கள். பூச்சு ஏறியதால் சில பத்து நானோமீட்டர் கூடியிருந்தால் சரி. 500க்கு மேல் காட்டினால் கட்டியாகிவிட்டது. மீண்டும் சோனிகேட் செய்தும் இறங்காவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அந்தக் கலவையைச் செல்கள்மேல் விடவே கூடாது.

படி 4: ஐந்து டிஷ்

0.17 மில்லிமீட்டர் கண்ணாடி அடித்தளமுள்ள டிஷ்களில் செல்கள் பாதி இடத்தை நிரப்பும் வரை வளருங்கள். வளர்ப்புத் திரவமான மீடியத்தில் சேர்க்கும் இரத்தச் சீரத்திலும் டிரான்ஸ்ஃபெரின் உண்டு என்பதால், ஒரு மணி நேரம் முன்பே சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள். பிறகு:

- முதல் டிஷ்: டிரான்ஸ்ஃபெரின் வைரம்
- இரண்டாவது: பிஎஸ்ஏ வைரம்
- மூன்றாவது: துகளில்லாத டிரான்ஸ்ஃபெரினை முதலில் மிகையாக ஊற்றி, பிறகு டிரான்ஸ்ஃபெரின் வைரம்
- நான்காவது: டிரான்ஸ்ஃபெரின் வைரம்தான், ஆனால் 4 டிகிரியில்
- ஐந்தாவது: வைரமே இல்லை

மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போதும். குறைவாகத் தெரியலாம், கணக்குப் போட்டால் அது மில்லிலிட்டருக்குச் சுமார் 550 கோடி துகள். நான்காவது டிஷ் தவிர மற்றவை 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு மணி நேரம். பிறகு மூன்று முறை கழுவி, பீனால் ரெட் என்ற நிறப்பொருள் இல்லாத மீடியம் ஊற்றுங்கள்.

ஏன் இத்தனை டிஷ்? செல் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தை எப்போதும் விழுங்கிக்கொண்டே இருக்கும். எந்தத் துகளும் கொஞ்சம் உள்ளே போகும். மூன்றாவது டிஷ்ஷில் தனி டிரான்ஸ்ஃபெரின் முந்திக்கொண்டு ஏற்பிகளை அடைத்துவிடும். முதல் டிஷ்ஷில் நிறையவும், இரண்டிலும் மூன்றிலும் மிகக் குறைவாகவும் இருந்தால்தான் ஏற்பி வழியாகப் போனது என்று சொல்லலாம். 4 டிகிரியில் செல் விழுங்குவதை நிறுத்திவிடுவதால், அங்கே துகள்கள் சவ்வின் வெளியே மட்டும் ஒட்டியிருக்க வேண்டும்.

படி 5: படமெடுத்தல்

கருவுக்கு ஹோய்க்ஸ்ட் 33342 நீலச்சாயம், தேவையானால் பச்சையில் ஒரு சாயம். சிவப்புச் சாயங்களைத் தவிர்த்துவிடுங்கள்; அவை வைரத்தின் பாதையிலேயே வந்து குழப்பும். கன்ஃபோகலில் (ஒவ்வொரு தளமாகப் படமெடுக்கும் லேசர் நுண்ணோக்கி) 561 நானோமீட்டர் லேசர் (532 இருந்தாலும் நல்லது), 650க்கு மேல் உள்ள ஒளியை மட்டும் சேகரியுங்கள்.

முதலில் ஐந்தாவது டிஷ்ஷை வையுங்கள். செல்லின் சொந்த ஒளி திரையில் தெரியாத அளவுக்கு லேசரையும் கெய்னையும் (ஒளியுணரியின் பெருக்க அளவு) இறக்கி, அதே அமைப்பில் மற்ற நான்கையும் எடுங்கள். இடையில் எதையும் மாற்றாதீர்கள். அடுக்கடுக்காக மேலிருந்து கீழ்வரை எடுத்தால்தான் புள்ளி செல்லுக்கு உள்ளேயா, மேலேயா என்று தெரியும்.

ஒரு புள்ளிமேல் சந்தேகம் வந்தால் லேசரை அதன்மேல் சில நிமிடம் நிறுத்துங்கள். மங்கினால் அது வைரம் அல்ல. துடிப்பு லேசரும் ஒளிர்வு ஆயுளை அளக்கும் வசதியும் இருந்தால் இன்னும் சுலபம்: செல்லின் சொந்த ஒளி சில நானோ விநாடிகளில் அடங்கிவிடும், நானோ வைரத்தினுடையது 20 நானோ விநாடி அளவுக்கு நீளும். முதல் 10 நானோ விநாடியில் வருவதைத் தள்ளிவிட்டால் பின்னணி இருண்டு வைரம் மட்டும் நிற்கும். இதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது என்னால் இருக்கையில் உட்கார முடியவில்லை.

படி 6: எங்கே போய்ச் சேர்ந்தது?

தனி டிரான்ஸ்ஃபெரின் இரும்பை இறக்கிவிட்டுச் சில நிமிடங்களில் மேற்பரப்புக்குத் திரும்பிவிடும். ஒரே துகளில் பல டிரான்ஸ்ஃபெரின்கள் ஒட்டியிருப்பதால் வைரம் பெரும்பாலும் திரும்புவதில்லை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் தங்கிவிடும். மறுநாள் அதே டிஷ்ஷில் லைசோசோமைக் காட்டும் பச்சை லைசோட்ராக்கர் சாயம் சேர்த்து, சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். செல் பிரிந்திருந்தால் புள்ளிகளும் இரண்டு சேய்ச்செல்களுக்கும் பங்காகியிருக்கும். எண்ணும்போது அதையும் கணக்கில் எடுங்கள். லைசோசோமைத் தாண்டி செல்லின் சாறுக்குள் துகள் போக வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபெரின் மட்டும் போதாது, பூச்சையே வேறாக அமைக்க வேண்டும்.