உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் உடை தைக்கக் கொடுக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடையும் கல்யாணக் கோட்டும்தான் கடையை நடத்துகின்றன. இவற்றுக்கு நடுவே, இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் தைக்கிறேன். நகைக்கடைக்காரர், அடகுக்கடை முதலாளி, சாதாரண உடையில் வேலை பார்க்கும் போலீஸ்காரர் என்று வருபவர்கள் சிலர்தான். ஆனால் கல்யாணக் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால் படம் கெடும். இவர்கள் உடையில் பிசகினால் உயிர் போகும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

உரிமத்தைப் பார்க்காமல் நான் அளவு நாடாவை எடுப்பதில்லை. இந்த நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, அதனுடன் ஆறுக்குக் குறையாத பிரம்படி. உரிமத்தில் உள்ள பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும், தேதி முடிந்திருக்கக்கூடாது. இதைக் கேட்டதும் முகம் சுளித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்குத் தைக்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் உரிமம் உள்ளவராகவே இருந்தாலும், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். எங்கே கொண்டுபோகலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்பதில் ஐயம் இருந்தால் போலீசிடம் கேளுங்கள், தையல்காரனிடம் கேட்காதீர்கள்.

இரண்டாவது, அளவு கொடுக்க வரும்போது துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். உறையை மட்டும் கொண்டுவாருங்கள். ரப்பர் மரத்தில் செதுக்கிய கட்டைகள் சில என்னிடம் இருக்கின்றன. துப்பாக்கி போலத் தோன்றாத வெறும் ஆப்புகள். ஆனால் கனமும் தடிப்பும் பொருந்தும்படி ஈயத்துண்டு வைத்து அடைத்தவை. ஒன்று தட்டையானது, பிஸ்டலுக்கு. இன்னொன்று நடுவில் புடைத்தது, சுழலும் தோட்டா உருளை உள்ள ரிவால்வருக்கு. உறைக்குள் அந்தக் கட்டையைச் செருகி, நீங்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் மாட்டியபிறகுதான் அளவு எடுப்பேன். வேறு தையல்காரரிடம் போனாலும் இதையே கேளுங்கள். தொட்டிலில் குழந்தை தூங்கும் கடைகள் உண்டு. தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை.

வருபவர்கள் எல்லாரும் முதலில் சட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கால்சட்டையில் இருந்து தொடங்குவேன். மறைப்பது சட்டையின் வேலை என்றாலும், தாங்குவது இடுப்பு. இடுப்பு சரியாகத் தாங்காவிட்டால் எந்தச் சட்டையாலும் மறைக்க முடியாது. தோட்டா நிரப்பிய நடுத்தரப் பிஸ்டல் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனம் ஒரே பக்கமாக இழுக்கும்போது மெல்லிய பெல்ட் முறுக்கிக்கொள்கிறது, உறை வெளிப்புறம் சாய்கிறது, பிடி சட்டையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அதன்பிறகு அந்த ஆள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்து மேலே இழுப்பார். பார்க்கிறவர்களுக்கு அந்தக் கை அசைவே போதும்.

ஆகவே பெல்ட் ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அடுக்குத் தோல், நடுவே விறைப்பான பட்டை. கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. பெல்ட்டின் ஒரு பகுதியை இரு கைகளாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கால்சட்டையில் இடுப்பளவை எவ்வளவு கூட்டுவது? உறை கால்சட்டைக்கு உள்ளே போகிறதென்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். வெளியே மாட்டினால் கூட்டவே வேண்டாம். "கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும் அண்ணே, அப்போதுதான் ஆடாது" என்று ஒரு நகைக்கடைத் தம்பி கேட்டார். அவரைக் கட்டையோடு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் வயிறு முன்னே வந்து, கட்டையின் முனை தொடை மடிப்பில் அழுத்த, எழுந்துவிட்டார். நின்று எடுக்கும் அளவு பாதி அளவுதான். உட்கார்ந்தும், சாப்பிட்டபின்னும் எடுக்க வேண்டும். கூட்டிய இரண்டு அங்குலம் துப்பாக்கி இல்லாத நாளில் தொளதொளவென்று நிற்காமல் இருக்க, இடுப்புப் பட்டையின் இரு பக்கமும் உள்ளே மறைவாக எலாஸ்டிக் வைத்துவிடுவேன்.

ஆயத்த உடைகளில் பெரும்பாலும் ஐந்து பெல்ட் வளையங்கள்தான் இருக்கும், அவையும் மெல்லியவை. நான் ஏழு அல்லது எட்டு வைப்பேன். அவற்றில் இரண்டு உறைக்கு முன்னும் பின்னும் நெருக்கமாக வரும். உறை நகராமல் பிடித்துக்கொள்ளும். வளையத்தின் மேல்முனையைப் பட்டைக்குள் செருகித் தைத்து, இரண்டு முனையிலும் குறுக்குத் தையல் அடர்த்தியாகப் போட வேண்டும். பட்டைக்குள் விறைப்பான கான்வாஸ். உறை உரசும் இடத்தில் உள்பக்கம் தடித்த டிரில் துணியில் ஒரு கையகலத் துண்டு. இது இல்லாவிட்டால் சில மாதங்களில் அந்த இடம் நைந்துவிடும். முன்பக்கம் ஒரு பிளீட், அதாவது மடிப்பு, வைத்தால் காரில் உட்காரும்போது தொடைக்கு இடம் கிடைக்கும். பிளீட் பழைய நாகரிகம் என்று சொல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது சட்டை. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அதன்பிறகு துரைமார் காக்கி அரைக்கால் சட்டையும், பெல்ட்டில் வெளிப்படையாகத் தொங்கும் துப்பாக்கியுமாக ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தார்கள். அன்று துப்பாக்கி கண்ணில் படுவதே காவலாக இருந்தது. இன்று அது கண்ணில் பட்டால் காப்பிக்கடையே எழுந்து ஓடும், யாராவது போலீசுக்கு அழைப்பார்கள். அதைவிட மோசம், திருட நினைப்பவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மறைவாக வைப்பது வீரம் காட்டுவதற்கான வழி அல்ல. ஊர் அமைதியாக இருப்பதற்கான மரியாதை.

நம் வெயிலுக்குக் கோட்டு ஒத்துவராது. வெளியே விட்டு அணியும் அரைக்கைச் சட்டைதான் வழி. அதில், மெழுகால் வரைந்து சாயமேற்றிய துணியான பாத்தேக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைகளில் அரசாங்க ஊழியர்கள் பாத்தேக் போடும் நாடு இது. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய பூவும் கொடியும் ஓடும் கரிய நிறத் துணியில் இடுப்பின் புடைப்பு கண்ணுக்கு அகப்படாது. கோடு போட்டதும் கட்டம் போட்டதும் நேர்மாறு: புடைப்பின் மேல் கோடு வளைகிறது, வளைந்த இடத்தைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். துணி பருத்தியாக இருக்கட்டும், சற்று விறைப்பாகக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் உடலை விட்டு விலகி நிற்கும். ரேயான் வழுவழுவென்று விழும், காற்று அடித்த பக்கம் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்தால் உறையின் விளிம்புகூடத் தெரியும்.

வெட்டில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். விளிம்பு நேராக இருக்க வேண்டும். கால்சட்டைக்குள் விடுவதற்காகத் தைத்த சட்டையின் விளிம்பு வளைந்திருக்கும். அந்த வளைவு மிக உயரமாக ஏறும் இடம் இடுப்பின் பக்கவாட்டு, அதாவது துப்பாக்கி இருக்கும் அதே இடம். பக்கத் திறப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இடுப்பைப் பிடிக்கும் டார்ட், அதாவது துணியைக் கூராக மடித்துப் போடும் தையல், கூடவே கூடாது.

நீளத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். கை தூக்கினால் சட்டை ஏறிவிடுகிறது, இன்னும் நீளமாகத் தையுங்கள் என்பார்கள். பெல்ட்டுக்குக் கீழே ஐந்து அல்லது ஆறு அங்குலம் போதும். அதற்குமேல் நீட்டினால் ஆள் குட்டையாகத் தெரிவார், உட்காரும்போது துணி மடியில் சுருண்டு கிடக்கும். குறை நீளத்தில் இல்லை, அக்குளில் இருக்கிறது. அக்குள் வெட்டு ஆழமாக இருந்தால் கை மேலே போகும்போது சட்டையின் பக்கம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். அக்குளை அரை அங்குலம் உயர்த்தி, கைப்பகுதியைச் சற்று அகலமாக வெட்டி, முதுகில் தோள்பட்டைத் துணிக்குக் கீழே ஒரு மடிப்பு விட்டால், கை தனியாக உயரும், சட்டை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். எக்ஸ்எல் அளவில் ஆயத்தச் சட்டை வாங்கிப் போடுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். அளவு பெரிதாகப் பெரிதாக அக்குளும் கீழே இறங்குகிறது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கடைசிப் பட்டனைத் திறந்து விடக்கூடாது. காற்று உள்ளே புகுந்தால் சட்டை தூக்கிக்கொள்ளும். கீழ் விளிம்பை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் அந்தக் கனமே துணியைக் கீழே பிடிக்கும். முதுகுப்பக்கம் நடுவே துப்பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை விடுங்கள். கைப்பிடியை நோக்கிக் குனியும்போது பின்சட்டை ஏறும் என்பது சிறிய குறை. செம்பனை லாரிகள் ஓடும் இந்தச் சாலையில் மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பு முதுகெலும்பின் மேல் இறங்கும்.

எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது, சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையைத் துணி தொடுவதைத்தான். துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும்போது சட்டையின் விளிம்போ, மழைச்சட்டையின் சுருக்குக் கயிறோ, அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் குமிழோ விசைக்குள் சிக்கி, அழுத்திய வேகத்தில் குண்டு வெடித்துத் தொடையைத் துளைத்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. ஆகவே இடுப்பில் கயிறு உள்ள எந்த மேல்சட்டையையும் என்னிடம் கொண்டுவந்தால் கயிற்றை முழுவதுமாக உருவி எடுத்து, துளையைத் தைத்து மூடித்தான் கொடுப்பேன். உறை விறைப்பாக, விசை முழுவதையும் மூடுவதாக இருக்க வேண்டும். தொய்ந்துபோன பழைய தோலுறையின் வாய் உள்ளே மடிந்து விசையை அழுத்தக்கூடும். அதைத் தைத்துச் சரிசெய்யச் சொல்லாதீர்கள், செய்ய மாட்டேன். புதிதாக வாங்குங்கள். திரும்ப வைக்கும்போது மற்றக் கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். வெளியே எடுக்க அவசரம் வரலாம். உள்ளே வைக்க எந்த அவசரமும் இல்லை.

வியர்வைக்கு உள்ளே பருத்திப் பனியன் போடுங்கள், சற்று நீளமானதாக, கால்சட்டைக்குள் செருகி. உப்பு வியர்வை இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், உறை தோலையும் புண்ணாக்கும்.

வேட்டி கட்டும் நாளில் துப்பாக்கி வேண்டாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை கோயிலுக்குப் போகிறவர் வேட்டிமேல் பெல்ட் கட்டி உறை மாட்ட வழி கேட்டார். வழி இல்லை என்றேன். பட்டு ஜிப்பா உடம்போடு ஒட்டும், பக்கத் திறப்பு இடுப்புவரை ஏறும், கூட்டத்தில் யார் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்; காரில் விட்டுப் போகாதீர்கள். பெண் போலீசார் சிலர் சுடிதாரில் கேட்கிறார்கள். அதற்கும் பெல்ட் போடும் கால்சட்டையும் நேர்வெட்டு மேல்சட்டையும்தான் என் பதில். நாடா கட்டும் இடுப்பு அந்தக் கனத்தைத் தாங்காது.

கழிப்பறையில் பலர் உறையைக் கழற்றிப் பக்கத்துத் தட்டில் வைக்கிறார்கள். மறந்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உறை கால்சட்டையோடே இருக்கட்டும். பெல்ட்டை முழங்கால் அருகே மறுபடி கோத்துக்கொண்டால் கனம் இழுத்துக் கவிழாது.

தைத்த உடையை வாங்கிப்போனதும் வீட்டில், தோட்டாவெல்லாம் எடுத்துத் தனியே பூட்டிவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, போட்டுப் பாருங்கள். மேல்தட்டில் இருந்து டப்பா எடுங்கள், செருப்பு வாரைக் குனிந்து போடுங்கள், காரில் ஏறிப் பெல்ட் மாட்டி இறங்குங்கள். பின்னால் இருந்து மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி பக்கவாட்டைக் காட்டாது. எங்கே தெரிகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கொண்டுவந்தால் மாற்றித் தருவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் விளிம்பில் பிரிந்து தொங்கும் நூல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வெட்டிவிடுங்கள். உள்பக்க டிரில் துண்டு நைந்துபோனால் சட்டென்று கொண்டுவாருங்கள்; உறையின் கொக்கி அந்த ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். துண்டை மாற்ற அரைமணி நேரம் ஆகும், இருந்தே வாங்கிப் போகலாம்.