கை தொடாத சோதனை: சிறிய விமானம் கிளம்புமுன் விடப்படும் தவறுகள்

மட்டக்களப்பில் விறாந்தை மூலையிலோ யன்னல் சட்டத்திலோ மண்குளவி கட்டிய கூட்டைப் பார்க்காத வீடு இல்லை. காலையில் சுரண்டித் துடைத்துவிட்டால் பின்னேரத்துக்குள் ஈரமண்ணைக் கொண்டுவந்து மறுபடி அப்பியிருக்கும். சாவித் துவாரத்தையும் அது விட்டுவைப்பதில்லை. அந்தக் குளவிக்கு, வெயிலில் நிறுத்திய ஒரு செஸ்னா விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் நல்ல வசதியான இடம். பிட்டோ குழாய் என்பார்கள். எதிர்க்காற்று அதற்குள் புகும் அழுத்தத்தைக் கொண்டுதான் வேகமானி வேகத்தைச் சொல்கிறது. அதற்குள் மண் அடைத்தால் விமானிக்கு வேகம் தெரியாது.

மட்டக்களப்பு ஓடுபாதையிலும் உகனப் பக்கமும் சிறிய விமானங்கள் இறங்குவதை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது விமானப் பயிற்சிக்குப் போகிறார்கள். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்பது எப்படித் தரையிறக்குவது, ரேடியோவில் எப்படிப் பேசுவது என்பதைத்தான். கிளம்புமுன் விமானத்தைச் சுற்றிச் செய்யும் சோதனையை ஒருவரும் கேட்டதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்று நினைக்கிறார்கள். பட்டியல் தெரியும்தான். பட்டியலை வாயால் சொல்லிக்கொண்டு கண்ணை அதன்மேல் ஓட்டிவிட்டு, கையால் ஒன்றையும் தொடாமல் ஏறிவிடுவதுதான் பழக்கமாகிவிடுகிறது.

குளவியிலிருந்தே தொடங்குகிறேன். 1996 பெப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவேர்த்தோ பிளாத்தாவிலிருந்து கிளம்பிய பேர்கன்எயர் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். அந்த விமானம் பல நாட்களாகக் குழாய்க்கு உறை போடாமல் நிறுத்தப்பட்டிருந்தது. மண்குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். பல நாள் நின்றதால்தானே என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று: 2013 இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு ஏர்பஸ் ஏ330 விமானம் சுமார் இரண்டு மணி நேரம்தான் தரையில் நின்றது. அதற்குள் குளவி குழாயை அடைத்துவிட்டது. பிரிஸ்பேனின் வெக்கையும் ஈரமும் நமக்குப் புதிதல்ல. ஆகவே தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரத்துக்கும் உறையைப் போடுங்கள், கழற்றியபின் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் வாயால் ஊத வேண்டாம், உள்ளே வேகமானி பழுதாகும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடுபாதையில் ஓடத் தொடங்கியதும் வேகமானி முள் அசைகிறதா என்று பார்த்து, அசையாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தரையில் இருக்கும்வரை அது ஒரு பழுது மட்டும்தான்.

அதே 1996 இல், ஒக்ரோபர் 2 அன்று, ஏரோபெரு நிறுவனத்தின் விமானம் ஒன்று லீமாவிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது, 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவும்போது ஸ்டாற்றிக் துவாரங்களின் மேல், அதாவது உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் சின்னத் துவாரங்களின் மேல், ஒட்டிய ஒட்டுநாடாவை உரிக்க மறந்திருந்தார்கள். சுற்றி வந்து பார்த்தவர்களின் கண்ணிலும் அது படவில்லை. சிறிய விமானத்திலும் அந்தத் துவாரம் இருக்கிறது. கழுவி, மெழுகு பூசிய மறுநாள் அதை விரலால் தடவிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது எரிபொருள். இதில்தான் நான் அதிகம் பிடிவாதமாக இருக்கிறேன்.

என்னுடைய மாமா நாவலடிப் பக்கம் எஞ்சின் போட்டில் தொழிலுக்குப் போனவர். வெளிக்கிடுமுன் மண்ணெண்ணெயில் கொஞ்சத்தை ஒரு பழைய கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மணலில் குத்தி வைத்துவிட்டு, வலையை ஏற்றுவார். ஏற்றி முடிந்தபின்தான் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிப்பார். அடியில் முத்துமாதிரித் தண்ணீர் உருண்டால் கேன் முழுவதையும் துணியில் வடிப்பார். சின்ன வயதில் பொறுமையில்லாமல், "இப்பவே பாருங்களன் மாமா" என்று கேட்டதற்கு, "தண்ணி அடிக்கு இறங்க நேரம் குடுக்கோணும் மனே" என்றார். பிறகு பயிற்சியில் விமானத்தின் எரிபொருள் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லித் தந்தபோது எனக்கு அந்தப் போத்தல்தான் ஞாபகம் வந்தது.

பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம், அதனால் தாங்கியின் அடிக்குப் போய்விடும். நம்முடைய மாரி மழையில் வெளியே நிற்கும் விமானத்தின் தாங்கி மூடியில் இறப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால், தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். பாதித் தாங்கியோடு நிறுத்தினால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படிந்தும் தண்ணீர் சேரும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இறக்கைக்குக் கீழே சின்ன வடிகால்கள். செஸ்னா 172எஸ் ரகத்தில் மொத்தம் 13. இறக்கைக்கு ஐந்து, உடம்பின் அடியில் மூன்று. இரண்டைத் திறந்து பார்த்துவிட்டு மற்றதெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எரிபொருள் ஊற்றிய உடனே திறப்பதும் பிழை. கலங்கிய தண்ணீர் அடிக்கு இறங்கியிருக்காது.

இன்னொரு கண்ணி இருக்கிறது, புதியவர்கள் பலர் இதில் விழுகிறார்கள். வடிகாலிலிருந்து எடுத்த கோப்பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படை தெரிந்தால்தான் தண்ணீர் என்று படித்திருப்பார்கள். கோப்பை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் படை தெரியாது. பளிங்குபோலத் தெளிவாக இருக்கும், "சுத்தமான எரிபொருள்" என்று ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சிறிய விமானங்களுக்கு ஊற்றும் பெற்றோலான 100எல்எல் ஏவ்காஸ் நீல நிறம். கோப்பையை வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து அந்த நீலம் இருக்கிறதா என்று பாருங்கள், மணந்தும் பாருங்கள். நீலம் வெளிறிப்போய், விரலில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டினால் ஜெட் எஞ்சின்களுக்கான எரிபொருள் ஜெட் ஏ-1 கலந்திருக்கலாம். பிஸ்ரன் எஞ்சினுக்கு அது நஞ்சு. குழாய்களில் மிஞ்சிய பழைய ஏவ்காஸில் எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரைக்கும் நன்றாகவே ஓடும். முழுச் சக்தி கொடுத்து மேலே ஏறியபிறகுதான் நின்றுபோகும்.

எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன்பலகை முள்ளை நம்ப வேண்டாம். ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பாருங்கள். மூடியைத் திரும்பப் பூட்டுவதிலும் கவனம் வேண்டும். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவு, தளர்ந்த மூடி வழியாக எரிபொருள் வெளியே உறிஞ்சப்படும்.

இதை அனுபவத்தில்தான் படித்தேன். பயிற்சிக் காலத்தில் ஒரு காலை, இடது தாங்கியை அளந்துகொண்டிருக்கும்போது அம்மாவின் தொலைபேசி வந்தது. ஏணியிலிருந்து இறங்கிப் பேசிவிட்டு நேரே வலது பக்கம் போய்விட்டேன். எல்லாம் முடிந்தது என்று கதவைத் திறந்தபோது, ஆசிரியர் ஒன்றும் பேசாமல் இடது இறக்கையைக் கையால் காட்டினார். ஏறிப் பார்த்தால் மூடி துவாரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, திருகப்படவில்லை. பட்டியலில் அந்த வரிக்கு நேரே என் கையால் போட்ட சரி அடையாளம் இருந்தது. அன்றிலிருந்து சோதனைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். பத்து நிமிடம் கூடப் போகும், போகட்டும்.

1978 சூறாவளியைப் பார்த்த ஊர்க்காரருக்குக் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுத்தி வைத்த விமானத்தின் சுக்கான்களைக் காற்று அடித்து உடைக்காமலிருக்க, அவற்றை அசையாமல் பூட்டும் கொன்றோல் லொக் போடுவார்கள். அதைக் கழற்றாமல் கிளம்பியதால் 1935 ஒக்ரோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 விமானம் விழுந்தது. கைதேர்ந்த விமானிகள்தான் ஓட்டினார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் எழுதி வைத்த செக்லிஸ்ட் விமானிகளின் கைக்கு வந்தது. அப்படியும், 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் லொக் கழற்றாமல் ஓடி, ஏழு பேர் இறந்தார்கள். அதன் பதிவுக்கருவியில் முந்தைய 175 கிளம்பல்களைப் பார்த்தபோது, சுக்கான்களை முழுமையாக அசைத்துப் பார்த்தது இரண்டே தடவை.

செஸ்னா 172 இன் லொக்கில் சிவப்புத் தகடு ஒன்று சாவித் துவாரத்தை மறைக்கும்படி இருக்கும், கழற்றாமல் சாவி போட முடியாது. அது தொலைந்துபோனால் சிலர் ஒரு ஆணியையோ போல்ட்டையோ செருகி வைத்துவிடுகிறார்கள். ஆணி சாவியைத் தடுக்காது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள், செய்பவரைக் கண்டால் பேசாமலும் இருக்காதீர்கள்.

அசைத்துப் பார்க்கும்போது தடையில்லாமல் அசைகிறதா என்பதோடு, சரியான பக்கம் அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழுதுபார்த்து வந்த விமானத்தில் கம்பிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டு விபத்துகள் நடந்திருக்கின்றன. கைப்பிடியைப் பிடித்தபடி பெருவிரலை மேலே நீட்டி இடதுபக்கம் திருப்புங்கள். விரல் சாயும் பக்கத்து ஐலரோன், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, மேலே எழும்ப வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பத்தடி பின்னால் போய் நின்று முழு விமானத்தையும் ஒருதரம் பாருங்கள். சக்கரக் கட்டை, கட்டின கயிறு, முன்சக்கரத்தில் இழுவைக் கம்பி. கிட்டே நின்று பார்க்கும்போது இவை கண்ணுக்குப் படாது. ஏதாவது சந்தேகமாக இருந்தால், பாசிக்குடா பார்க்க வந்த பயணிகள் பையோடு வெயிலில் நின்றாலும், "இண்டைக்குப் பறக்கேல்ல" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்கு உறையைப் போட்டு, கயிற்றைத் திரும்பக் கட்டுங்கள்.