போர் விளையாட்டுகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிடும் முறை

வரைபடத்திலோ பலகையிலோ படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டின் வரலாற்றைத் தொகுக்கப் புறப்படுகிறவர் முதலில் விதிப்புத்தகத்தைத்தான் தேடுவார். அது தேவைதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் விளையாட்டின் பாதி கைநழுவிப் போகும். ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் (ஜெர்மன் மொழியில் 'போர் விளையாட்டு') விதிகள், 1:8000 அளவு வரைபடம், பகடை, இழப்புக் கணக்கு அட்டவணை ஆகியவற்றோடு மிக நுணுக்கமாக அமைந்தவை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1876-இல், அதே ராணுவத்தின் வெர்டி டு வெர்னுவா அந்த அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று வாதிட்டார். அப்படிப்பட்ட நடுவர் எந்த நிலையில் எதனால் அப்படித் தீர்த்தார் என்பதை அச்சிட்ட விதிகளிலிருந்து மீட்க இயலாது. எனவே விதியோடு தீர்ப்பையும் சேர்த்துப் பதிவுசெய்வதே முதல் வேலை.

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் ஆடு புலி ஆட்டத்தில் கைப்பழகலாம். கண்டிப்பாகச் சொன்னால் அது வேட்டை விளையாட்டுதான். ஆயினும் சமமில்லாத இரு படைகள் மோதும் சிக்கல் அதில் முழுமையாக இருக்கிறது. பரவலான வடிவத்தில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 சந்திப் புள்ளிகள். பெரியவர்களிடம் விதியைச் சொல்லச் சொல்லாமல், இருவரை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். விளக்கும்போது எல்லோரும் ஒழுங்கான விதியைச் சொல்வார்கள். ஆடும்போதுதான் உண்மையான விதி வெளிவரும். பதினைந்து ஆடுகளையும் இறக்கி முடிக்கும் முன் ஓர் ஆட்டை நகர்த்தலாமா, வெட்ட வாய்ப்பிருந்தும் புலி வெட்டாமல் விலகலாமா, ஒரே முறையில் தொடர்ந்து இரண்டு ஆடுகளைத் தாண்டலாமா என்பன போன்ற கேள்விகளில் வாக்குவாதம் எழுந்தால் ஒலிப்பதிவை நிறுத்த வேண்டாம். அந்த வாக்குவாதமே நீங்கள் தேடிவந்த ஆவணம். யார் சொல் எடுபட்டது, அவர் யாரிடம் கற்றார், எந்த ஊரில் ஆடினார் என்பதை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். இரண்டு ஊர்களின் வழக்கம் வேறுபட்டால், எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, இரண்டையும் அப்படியே தர வேண்டும்.

பிறகு தாள்கள். வீட்டில் சதுரங்கம் ஆடியவர்களும் போர் விளையாட்டு ஆடியவர்களும் குறிப்பு நோட்டுகள் வைத்திருப்பார்கள். அவற்றைக் கலைக்கும் முன் இருந்த வரிசையிலேயே படமெடுத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண்ணிடுங்கள். துருப்பிடித்த பின்களை எடுத்துவிடலாம். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடாது, ஏனெனில் அவற்றைப் பின்னர் பிரித்தெடுக்க முயன்றால் தாளே கிழியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையை ஒட்டிய அலமாரியில் எதையும் வைக்கக் கூடாது. எழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும். வரைபடங்களுக்கும் சிறு காய்களுக்கும் 600 வேண்டும். காய்களின் இரு பக்கங்களையும், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் பதிவுசெய்ய வேண்டும்.

இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளியில் படித்தவர் தம் குறிப்புகளைத் தமிழ்ச் சொற்களிலும் மலையாள எழுத்திலும் கலந்து எழுதியிருக்கலாம். அதை நல்ல தமிழாக்கித் தருவது உதவியல்ல. மூலப் படம், எழுத்துக்கு எழுத்தான தமிழ் வடிவம், தேவையானால் உங்கள் விளக்கம் என மூன்றையும் தனித்தனியே தர வேண்டும். தொகுப்பாளர் சேர்த்த சொல் எதுவாயினும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.

உரிமை விஷயத்தில் அவசரப்படக் கூடாது. ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை விவரித்து எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும் உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' விதிநூலை எழுதிய எச். ஜி. வெல்ஸ் 1946-இல் மறைந்தார் என்பதால், அந்த நூலில் அவர் எழுதிய வாசகத்தை 2007 முதல் இங்கே தடையின்றி மறுபதிப்புச் செய்யலாம். உள்ளூர்க்காரர் ஒருவரின் நோட்டுக்கு அவரிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெயர் வெளியாக வேண்டுமா என்பதையும் அந்தத் தாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிடும்போது, பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்த எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மின்நூலோடு சில அச்சுப் பிரதிகளும் போடுவது நல்லது. நூலுக்குரிய சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கட்டணமின்றிப் பெறலாம். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். ஆடிக் காட்டியவர்களின் ஊர் வாசகசாலைக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்; படித்துவிட்டு எங்கள் ஊரில் இப்படியில்லை என்று யாராவது சொல்ல வந்தால், அது அடுத்த பதிப்புக்கான குறிப்பு.