பழைய டீசல் செடான்: பின் சஸ்பென்ஷனை முறையாகப் புதுப்பிப்பது

பின்னால் ‘டொக் டொக்’ என்றதும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜேசி ரோட்டுக்குப் போய் ஷாக் அப்சார்பர் மட்டும் வாங்கி வந்து மாட்டினால் சத்தம் பாதிதான் குறையும். பெங்களூரின் ஹம்ப்பும் பள்ளமும் முதலில் காலி பண்ணுவது பெரும்பாலும் பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் இரும்பு பீமைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷைத்தான். நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிப் பாருங்கள், ரப்பர் இரும்பிலிருந்து விட்டிருந்தால் கண்ணுக்கே தெரியும்.

நான் சொல்வது பழைய டிசையர் மாதிரி, பின்னால் அந்த பீம் (ட்விஸ்ட் பீம்) இருந்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கிற வண்டிகளுக்கு.

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாடியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ட்ராலி ஜாக்கியால் பீமைத் தாங்கிக்கொண்டு இரண்டு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வரும். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம், பிரஸ் டூல் வைத்திருக்கிற கடையில் கொடுத்துவிடலாம், ஆனால் பழைய புஷ் எந்தத் திசையில் இருந்தது என்று பீமில் கோடு போட்டுக் கொடுங்கள்.

மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி, அதைத் தாங்கும் தட்டில் (ஸ்பிரிங் சீட்) அதற்கான பள்ளத்தில் உட்கார வேண்டும். பம்ப் ஸ்டாப் (பள்ளத்தில் இறங்கும்போது இரும்பு இரும்போடு இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), டஸ்ட் கவர், ஸ்பிரிங் சீட் ரப்பர் எல்லாம் புதிது போடுங்கள், அதில் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஷாக் எப்போதும் ஜோடியாகத்தான்.

அப்புறம் பல பேர் கோட்டை விடும் இடம்: புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது இறுக்கிவிடுவார்கள். சக்கரம் தரையில் பட்டதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். முதலில் கையால் மட்டும் இறுக்கி, வண்டியை இறக்கி, டிக்கியை நாலு தடவை அமுக்கி விட்டு, சக்கரங்கள் பாரத்தைத் தாங்கி நிற்கும்போதுதான் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய விசை அளவு) முழுசாக இறுக்க வேண்டும்.

அப்கிரேடு என்றால் என் ஓட்டு கேஸ் ஷாக்குக்கு (எண்ணெயோடு அழுத்தப்பட்ட வாயுவும் அடைத்த ஷாக்), கூடவே கம்பெனி அளவு புது ஸ்பிரிங். பொங்கலுக்கு ஐந்து பேரும் அரிசி மூட்டையுமாகத் தொப்பூர் கணவாய் இறங்குகிறவர்களுக்கு அதுவே போதும். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் வேண்டாம்: அது இரண்டு சுருளைக் கட்டிப்போட்டு மிச்சச் சுருள்களின் மேல் வேலையை ஏற்றும். பின்பக்கத்தைத் தூக்குவதிலும் வில்லங்கம் உண்டு. சில வண்டிகளில் பின் பிரேக் அழுத்தத்தைப் பீமோடு இணைந்த ஒரு வால்வு கட்டுப்படுத்தும், வண்டி உயர்ந்தால் அது பாரமில்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

உயரம் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஹெட்லைட்டைச் சரிபாருங்கள். பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட் கடையில் திருப்ப அங்கே ஒன்றும் இருக்காது, பீம் வளைந்திருக்கிறதா, சக்கரம் மாட்டியிருக்கும் ஹப் ஆடுகிறதா என்றுதான் தேட வேண்டும்.